பட்டா உங்களுடையது, பன்றி அரசுடையது

மலையடிவார ஊர்களில் நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்தில் டீக்கடைப் பேச்சு முழுக்கக் காட்டுப்பன்றிதான். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுபோட்ட மாதிரி கிளறிவிட்டுப் போயிருக்கும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "நம்ம பட்டா நிலந்தானே, நாம சுட்டா யாரு கேக்கப்போறா?" வனத்துறை கேட்கும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லை, விலங்கு எது என்றுதான் பார்க்கிறது. உங்கள் வயலில் நின்றாலும் பன்றி உங்களுடையதாகிவிடாது. சட்டத்தை மீறிக் கொன்றால் அதன் உடல் அரசின் சொத்து. தற்காப்புக்காகக் கொன்றாலும் அதேதான். ஒரு காலத்தில் வேட்டைக்கு உரிமம் கொடுத்தார்கள், பழைய ஆட்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள். 1991 திருத்தத்தோடு அந்த ஏற்பாடு முடிந்துபோனது. வனத்தில் வாழ்வோருக்குப் பல உரிமைகள் தந்த 2006 வன உரிமைச் சட்டம்கூட வேட்டையை மட்டும் வெளியே வைத்துவிட்டது.

'வேட்டை' என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டுமல்ல. விஷம் வைப்பது, சுருக்குக் கம்பி கட்டுவது, கண்ணி வைப்பது, இரை வைத்துப் பிடிப்பது, நாய் விட்டுத் துரத்துவது, பறவைக் கூட்டைக் கலைத்து முட்டை எடுப்பது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம். "கம்பிதான் சார் கட்டினேன், ஒண்ணும் மாட்டலையே" என்பது பதிலாகாது. திருவிழாவுக்குப் பாரிவேட்டை போவது தலைமுறைப் பழக்கம் என்று சொன்னாலும், கையில் முயலோ கௌதாரியோ இருந்தால் வழக்குதான்.

தண்டனை விலங்கைப் பொறுத்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, அதாவது 2023 ஏப்ரல் 1 முதல், விலங்குகள் இரண்டு அட்டவணைகளில் இருக்கின்றன. மயில், உடும்பு, எறும்புத்தின்னி போன்றவை முதல் அட்டவணை. இவற்றைத் தொட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் வருகிறது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பன்றியைச் சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் முதல் அட்டவணைக்குரிய தண்டனையே வரும். போன வண்டியும் பறிமுதல் ஆகலாம். கறி வைத்திருப்பவர் வீட்டில் பிடிபட்டால், அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான் விழும்.

சரி, பயிரை நாசம் செய்யும் பன்றிக்கு என்னதான் வழி? சட்டத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, 62ஆம் பிரிவு: மத்திய அரசு ஒரு பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு, அதைத் 'தீங்கு விலங்கு' என்று அறிவிக்கலாம். உத்தராகண்டில் 2016இல் காட்டுப்பன்றிக்கு அப்படிச் செய்தார்கள். இன்னொன்று, 11ஆம் பிரிவு: உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்துப்பூர்வமாக அனுமதிக்கலாம். கேரளம் 2022இல் இந்த வழியில்தான் போனது. அங்கே பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடலாம், உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் சுடலாம்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணை வேறு மாதிரி. காப்புக்காட்டு எல்லையிலிருந்து தூரத்தை அளக்கிறார்கள். முதல் 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர். ஊரில் பரவிய செய்தி பாதிதான்: "மூணு கிலோமீட்டர் தாண்டினா சுடலாமாம்." விவசாயிக்கு அந்த அனுமதி கிடையாது. காட்டோரத்தில் தினமும் அடிவாங்குகிறவருக்கு இந்த ஆணையால் கிடைப்பது மிகக் குறைவு என்பது என் எண்ணம். காடு பன்றியின் வீடு என்ற நியாயமும் புரியத்தான் செய்கிறது.

நில உரிமையாளர் அதிகம் மாட்டிக்கொள்வது மின்வேலியில். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் பன்றிக்காகக் கட்டிய கள்ள மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். பன்றிக்குக் கட்டினேன் என்று சொன்னாலும் யானைக்குரிய தண்டனைதான் கிடைக்கும், யானை முதல் அட்டவணை விலங்கு. மின்திருட்டு வழக்கு தனி. ஆள் மாட்டி இறந்தால் அது மனித உயிர் வழக்கு. பக்கத்து நிலத்துக்காரர் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போய் இப்படி இறந்த செய்திகள் நமக்குப் புதிதல்ல. அதே 2023இல் மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. காட்டை ஒட்டிய பகுதியில் புதிதாக வேலி போட வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டுத் துடிக்கும், உயிரைக் கொல்லாத, தரச்சான்றுள்ள சோலார் வேலிதான் ஏற்கப்படும். நேராக மோட்டார் லைனில் கொக்கி போட்டு இழுப்பதற்கு எந்த ஊரிலும் அனுமதி இல்லை.

அவுட்டுக்காய் பற்றியும் சொல்ல வேண்டும். பழத்துக்குள் வெடி வைத்துப் பன்றிக்குப் போடுவார்கள், கடிப்பது யானையாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். வாய் சிதைந்து, தின்ன முடியாமல், பல நாள் பட்டினி கிடந்து சாகும். இதற்கு வெடிபொருள் சட்டமும் சேர்ந்து பாயும்.

துப்பாக்கி உரிமம் இருக்கிறதே என்பவர்களுக்கு: பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம் என்று எழுதியிருந்தாலும் அது ஆயுதம் வைத்திருக்கத்தான் அனுமதி, விலங்கைச் சுட அல்ல. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் அந்த ஆயுதத்தை வனத்துறையிடமும் பதிவு செய்திருக்க வேண்டும்.

விலங்கு மேலே பாய்ந்து, உயிரைக் காக்க அடித்தது குற்றமாகாது. ஆனால் நீங்கள் அப்போது சட்டத்தை மீறி எதுவும் செய்துகொண்டிருக்கக் கூடாது. சுருக்கில் மாட்டிய பன்றியை எடுக்கப் போய் அது பாய்ந்தது என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வயலில் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் தந்தம், கொம்பு, நகம் எதையும் எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அரசுக்குரிய பொருள் எதுவாவது கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் நிவாரணம். சேதம் நடந்த அன்றே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், வயலின் படங்கள் வேண்டும். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை மனசு கேட்காமல் வயலைச் சீர்படுத்திவிடாதீர்கள். பன்றி கிளறிய மண் அப்படியே கிடந்தால்தான் சேதக் கணக்கு எழுத முடியும்.