நாக்குல குத்தின கம்பியை நீங்களா கழட்டாதீங்க, ப்ளீஸ்

மறுபடியும் அதே கதை. காலேஜ் படிக்கிற பொண்ணு, நாக்குல பியர்ஸிங் பண்ணி பத்து நாள் போல ஆகுது, வலி, வீக்கம், வாயில ஒரே நாத்தம். ஹாஸ்டல்ல கூட இருக்கிறவ "கம்பியை கழட்டிடு, தானா சரியாயிடும்"னு சொல்லியிருக்கா, இவளும் கழட்டிட்டா. ரெண்டே நாள்ல மேல இருந்த ஓட்டை மூடிக்கிச்சு, உள்ள இருந்த சீழ் போறதுக்கு வழியில்லாம அங்கயே தங்கிடுச்சு. எங்கிட்ட வரும்போது நாக்கு நடுவுல கல்லு மாதிரி கட்டி, எச்சில் கூட முழுங்க முடியல. மரத்துப்போக ஊசி போட்டு கீறி எடுக்க வேண்டியதாயிடுச்சு. முதல் நாளே வந்திருந்தா இந்த கீறலே தேவைப்பட்டிருக்காதுன்னு நான் சொன்னா, கூட வந்த பையன் "கூகுள்ல அப்படித்தான் மேடம் போட்டிருந்துச்சு"ங்கிறான்.

நான் பல் டாக்டர். குத்தலாமா குத்தக்கூடாதான்னு பஞ்சாயத்து பண்ண இதை எழுதல, கேட்டா வேணாம்னுதான் சொல்வேன், ஆனா எங்கிட்ட வர்றவங்க யாரும் குத்தறதுக்கு முன்னாடி கேக்க வர்றதில்ல. குத்தி முடிச்சு வீங்கினப்புறம்தான் வர்றாங்க. அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல எது சாதாரணம்னு தெரிஞ்சுக்கோங்க, பாதி பேர் தேவையில்லாம பயப்படறாங்க, மீதி பேர் பயப்பட வேண்டிய நேரத்துல பயப்படாம இருக்காங்க. குத்தின ரெண்டு மூணு நாள் நாக்கு நல்லா தடிக்கும், பேச்சு குழறும், எச்சில் ஊறும், லேசா ரத்தம் கசியும். நாலஞ்சு நாள்ல வீக்கம் இறங்க ஆரம்பிக்கணும், ஒரு வாரம் பத்து நாள்ல பெரும்பாலும் வடிஞ்சிடணும். முழுசா ஆற 4 வாரத்துலேர்ந்து 8 வாரம் வரைக்கும் ஆகும். கம்பியைச் சுத்தி வெள்ளையா, கொஞ்சம் வெளிர் மஞ்சளா ஒரு வளையம் மாதிரி படியும், அது சீழ் இல்ல, புண் ஆறும்போது கசியிற நீர்தான். அதை நகத்தால சுரண்டறது, நாக்கு வழிக்கிற கம்பியால இழுக்கறது, இதெல்லாம் பண்ணித்தான் நல்லா ஆறிக்கிட்டு இருந்த புண்ணை நிறைய பேர் கெடுத்துக்கிறாங்க.

இன்ஃபெக்‌ஷனா இல்லையான்னு பாக்க ஒரே கேள்வி போதும்: குறைய வேண்டியது கூடுதா? இறங்கின வீக்கம் திரும்ப ஏறுது, வலி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, கம்பியைச் சுத்தி இருந்த சிவப்பு பரவுது, கெட்டியா மஞ்சளா இல்ல பச்சையா சீழ் வருது, வாய் கசக்குது, தாடைக்குக் கீழ நெறி கட்டுது, குளிர் காய்ச்சல் வருது. இதுல ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா அன்னைக்கே காட்டுங்க. காய்ச்சல் இருந்தா அது ஒண்ணே போதும், மத்ததுக்காக காத்திருக்க வேணாம். இன்னொண்ணு, கம்பியோட மேல் நுனியில இருக்கிற குண்டு நாக்குக்குள்ள புதையற மாதிரி தெரிஞ்சாலும் அன்னைக்கே வரணும். நல்ல கடையில முதல்ல நீளமான கம்பிதான் போடுவாங்க, வீக்கத்துக்கு இடம் வேணுமேன்னு. பாக்க நல்லாயில்லன்னு முதல் நாளே சின்ன கம்பி கேட்டு வாங்கிப் போட்டவங்கதான் இப்படி வந்து நிக்கிறாங்க.

இப்ப கழட்டற விஷயம். இதைத் திரும்பத் திரும்ப சொல்லி எனக்கு வாய் வலிக்குது. கம்பிதான் பிரச்சனை, கம்பியை எடுத்தா பிரச்சனை போயிடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. முள்ளு குத்தினா முள்ளை எடுக்கறோமே, அந்த கணக்கு. இங்க அது செல்லாது. புதுசா குத்தின ஓட்டை வாயில ரொம்ப வேகமா மூடும், சில பேருக்கு சில மணி நேரமே போதும். மூடறது மேல் தோலும் கீழ் தோலும் மட்டும்தான், நடுவுல இருக்கிற பாதை இன்னும் பச்சைப் புண்ணு, அதுக்குள்ளதான் கிருமியும் சீழும் இருக்கு. கம்பி இருக்கிற வரைக்கும் அந்த ஓட்டை திறந்திருக்கும், சீழ் கம்பியை ஒட்டியே வெளிய வழிஞ்சுடும். கம்பியை எடுத்துட்டா ரெண்டு கதவையும் சாத்தி உள்ள வெச்சு பூட்டின மாதிரி. நாக்கு முழுக்க சதை, உள்ள அடைபட்ட சீழ் அங்கேர்ந்து பரவலாம். அதனால டாக்டர் சொல்ற வரைக்கும் கம்பி அங்கயே இருக்கட்டும்.

"ஆனா ஜி.ஹெச்.ல என் ஃப்ரெண்டுக்கு முதல் வேலையா கழட்டினாங்களே மேடம்?" கழட்டியிருப்பாங்க. மூச்சுக்கு இடைஞ்சலா வீங்கியிருந்தா, குண்டு புதைஞ்சிருந்தா, உலோகமே ஒத்துக்கலன்னா, எம்.ஆர்.ஐ. இல்ல மயக்க மருந்து குடுக்க வேண்டியிருந்தா நாங்களும் கழட்டுவோம். ஆனா அங்க நரம்புல ஆன்டிபயாடிக் போகுது, சீழ் வெளிய வர வழி பண்ணுவாங்க, பக்கத்துல ஆள் இருக்கு. ஹாஸ்டல் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி இதுல எது இருக்கு? அதே மாதிரி தானா கழண்டு விழுந்துட்டா, ஓட்டை சுருங்கினப்புறம் பலவந்தமா திரும்ப குத்தி நுழைக்காதீங்க, நேரா வாங்க.

அடுத்து நான் அடிக்கடி கேக்கிறது: "எங்க ஊர்ல பங்குனி உத்திரத்துக்கு நாக்குல அலகு குத்தறாங்க, விபூதிதான் வெக்கிறாங்க, ஒண்ணும் ஆகறதில்லையே." பக்தியோட நான் சண்டைக்கு வரல, எங்க வீட்டுலயும் காவடி எடுத்தவங்க உண்டு. ஆனா அந்த வேல் நேர்த்திக்கடன் முடிஞ்சதும் வெளிய வந்துடும், சில மணி நேரக் கதை. வாய்ல ரத்த ஓட்டம் நல்லா இருக்கறதால சின்ன காயம் சீக்கிரம் சேர்ந்துடும். அதுலயும் இன்ஃபெக்‌ஷன் வரவே வராதுன்னு நான் சொல்லல. உங்க கம்பி ராத்திரி பகல் வாரக்கணக்குல உள்ளயே இருக்கு, சாப்பாடு ஒட்டுது, பல்லுல காரை படியற மாதிரி கம்பியிலயும் படியுது. ரெண்டும் ஒண்ணா? அப்புறம் விபூதி, மஞ்சள் தூள், சுண்ணாம்பு, கிராம்பு எண்ணெய், தேன், எதையும் அந்த ஓட்டையில வெக்காதீங்க. கிராம்பு எண்ணெயும் சுண்ணாம்பும் பட்டு நாக்கு வெந்துபோய் வந்தவங்களுக்கு இன்ஃபெக்‌ஷனை விட அந்த புண்ணுக்குத்தான் அதிகம் வைத்தியம் பாத்தேன்.

மெடிக்கல் ஷாப்ல "வாய் புண்ணுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க"ன்னு வாங்கிப் போட்டு, வலி குறைஞ்சதும் நிறுத்திடறது இன்னொரு தலைவலி. சீழ் கட்டிட்டா அதை வெளிய எடுக்கணும், வெறும் மாத்திரை போதாது. அரைகுறையா போட்டுட்டு வந்தா எது வேலை செய்யும்னு கண்டுபிடிக்கிறது எங்களுக்குத்தான் கஷ்டம். பெனிசிலின் அலர்ஜி இருக்கிற ஆள் கேக்காம அதே வகையைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் போட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

சரி, டாக்டரை பாக்கப் போற வரைக்கும் வீட்ல என்ன பண்ணலாம். ஒரு டம்ளர் கொதிச்சு ஆறின தண்ணி, கிட்டத்தட்ட 250 மில்லி, அதுல கால் டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் தூங்கப் போறதுக்கு முன்னாடியும் கொப்பளிங்க. உப்பு அதிகம் போட்டா சீக்கிரம் ஆறும்னு கைப்பிடி அள்ளிப் போடாதீங்க, எரிச்சல்தான் மிச்சம். மவுத்வாஷ்னா ஆல்கஹால் இல்லாததா பாத்து வாங்குங்க. குளோர்ஹெக்ஸிடின் 0.2%ங்கிற கிருமிநாசினி மவுத்வாஷை நாங்களே எழுதிக் குடுப்போம், ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல நீங்களா இழுத்தீங்கன்னா பல்லுல பழுப்பு கறை படியும், நாக்கு ருசியும் மாறும், பல் தேய்ச்ச உடனே ஊத்தாம அரை மணி நேரம் விடுங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு வேணவே வேணாம். புது சாஃப்ட் பிரஷ். ஐஸ் துண்டு வாயில போட்டு உருட்டினா வீக்கமும் வலியும் கொஞ்சம் அடங்கும், ராத்திரி தலையணையை உயர்த்தி வெச்சு படுங்க. வலிக்கு பாராசிட்டமால் போடலாம். காய்ச்சல் இருக்கும்போது ப்ரூஃபென் மாதிரி மாத்திரைக்கு போகாதீங்க, மழைக்காலத்துல அந்த காய்ச்சல் டெங்குவாவும் இருக்கலாம், டெங்குல அந்த மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டும், நாக்குல கம்பி இருக்கிறவங்களை கொசு விட்டுடாது.

தயிர் சாதம், ஆறின இட்லி, கஞ்சி. காரம், சூடான காபி, சரக்கு, சிகரெட், ஹான்ஸ் எல்லாம் ஒதுக்குங்க. ஆற வரைக்கும் முத்தமும் வேணாம், சிரிக்காதீங்க, சீரியஸா சொல்றேன், அடுத்தவங்க எச்சில் அந்த புண்ணுல படக்கூடாது. சும்மா இருக்கும்போது கம்பியை பல்லுல தட்டி விளையாடாதீங்க. கையை சோப்பு போட்டு கழுவிட்டு தினம் ஒரு தடவை குண்டு டைட்டா இருக்கான்னு மட்டும் பாருங்க, தூக்கத்துல கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போனா அது வேற கேஸ்.

இப்ப சொல்றதை தயவுசெஞ்சு மெதுவா படிங்க. நாக்குக்குக் கீழ இருக்கிற வாயோட அடிப்பாகம் கெட்டியா வீங்கி நாக்கை மேல தள்ளுது, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் தடிக்குது, எச்சில் முழுங்க முடியாம வழியுது, குரல் அமுங்கிப்போகுது, படுத்தா மூச்சு முட்டுது: இது லுட்விக்ஸ் ஆஞ்சைனாவா இருக்கலாம், அதாவது வாயோட அடிப்பாகத்துல வேகமா பரவுற தொற்று. 1836ல ஜெர்மனி டாக்டர் லுட்விக் எழுதிவெச்சது, ஆன்டிபயாடிக் வர்றதுக்கு முந்தின காலத்துல வந்தவங்கள்ல பாதிக்கு மேல செத்துப்போனாங்க. பெரும்பாலும் கீழ் கடவாய்ப் பல் சொத்தையிலேர்ந்துதான் வரும், ஆனா நாக்கு பியர்ஸிங்ல இருந்து வந்த கேஸ் மருத்துவப் பத்திரிகைகள்லயே பதிவாகியிருக்கு. மணிக்கணக்குல மூச்சை அடைக்கும். அந்த நேரத்துல எங்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேட்டு வாட்ஸ்அப் பண்ணாதீங்க, 108க்கு கூப்பிடுங்க, பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு போங்க, போற வழியில படுக்க வைக்காம உக்கார வெச்சு கூட்டிட்டு போங்க. குத்தின இடத்துலேர்ந்து ரத்தம் அழுத்திப் பிடிச்சும் நிக்கலன்னாலும் இதேதான்.

சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவங்க, வால்வு மாத்தினவங்க, பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறவங்க இந்த பியர்ஸிங் பக்கமே போகக்கூடாது. வாய்க் கிருமி ரத்தத்துல கலந்து வால்வுல போய் உக்காரும், வாரக்கணக்குல விட்டு விட்டு காய்ச்சல் அடிக்கும். ஏற்கனவே குத்தியாச்சுன்னா காய்ச்சலுக்கு எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாயைத் திறந்து காட்டுங்க. கட்டுப்பாட்டுல இல்லாத சுகர், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, இவங்களுக்கும் வேணாம்.

கடையைப் பத்தி ரெண்டு வார்த்தை. காது குத்தற துப்பாக்கியால நாக்குல குத்தறேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. சீல் உடைக்காத ஊசியை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும், கருவியெல்லாம் ஆட்டோகிளேவ்ல, அதாவது நீராவியால கிருமியைக் கொல்ற மெஷின்ல, போட்டிருக்கணும், கம்பி இம்பிளான்ட் தர டைட்டானியமா இருக்கணும், விலை குறைஞ்ச ஸ்டீல்ல நிக்கல் இருக்கும், சில பேருக்கு அது ஒத்துக்காது. ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாச்சான்னு போறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. திருச்சியில 2024 டிசம்பர்ல டாட்டூ கடையிலேயே நாக்கை ரெண்டா பிளந்து விட்டதுக்கு கடைக்கு சீல் வெச்சு ஆளை கைது பண்ணாங்க, ஞாபகம் இருக்கும். வீடியோவுல பாக்க கெத்தாதான் இருக்கும்.

இன்ஃபெக்‌ஷன் இல்லாம ஆறிட்டாலும் வீக்கம் வடிஞ்சதும் நீளக் கம்பியை சின்னதா மாத்தியே ஆகணும், அதை குத்தினவரே மாத்தட்டும். நீளக் கம்பியோட வருஷக்கணக்குல சுத்தறவங்களுக்கு கீழ் முன்பல்லோட உள்பக்க ஈறு இறங்கிப்போயிருக்கும், பல்லு ஓரம் தெறிச்சிருக்கும். தெறிச்ச பல்லை நான் ஒட்டித் தரேன். இறங்கின ஈறு தானா ஏறாது.

அம்மா அப்பா யாராவது இதைப் படிச்சீங்கன்னா, திட்டறதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்க. வீட்டுக்கு தெரிஞ்சா வெளுத்துடுவாங்கன்னு மாஸ்க் போட்டுக்கிட்டு, காய்ச்சலை மறைச்சு, எல்லாம் முத்தினப்புறம் வர்ற பசங்கதான் அதிகம். பசங்களா, பதினெட்டு தாண்டியிருந்தா தனியாவே வரலாம், நாங்க வீட்டுக்கு போன் போட்டு சொல்ல மாட்டோம், காசு இல்லன்னா அரசு பல் மருத்துவக் கல்லூரி ஓ.பி. இருக்கு. வரும்போது என்னைக்கு குத்தினது, என்ன கம்பி, இதுவரைக்கும் என்னென்ன மாத்திரை போட்டீங்கன்னு ஒளிக்காம சொல்லுங்க, அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வாங்க. கம்பி நாக்குல இருக்கட்டும்.