ரமேஷ், சுரேஷ், விக்னேஷ்: பெயருக்குள் இருக்கும் ஈசன்

ரமேஷ், சுரேஷ், மகேஷ், தினேஷ், சதீஷ். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பெயர்கள். முன்னால் ஒரு வடசொல், பின்னால் ‘ஈச’, அதாவது தலைவன். வடமொழிப் புணர்ச்சியில் அகரமோ ஆகாரமோ ஈகாரத்தோடு சேர்ந்தால் ஏகாரம் வரும்: மகா + ஈசன் = மகேசன். முன்சொல் இகரத்திலோ ஈகாரத்திலோ முடிந்தால் ஈகாரமே நிற்கும்: கிரீசன், சதீசன். கடைசி ‘அன்’ உதிர்ந்தது வடக்கத்தி உச்சரிப்பின் பழக்கம். கேரளத்தில் ரமேசன், சுரேசன் என்றும் வைக்கிறார்கள். தமிழில் சொல் இப்படி ‘ஷ்’ என்று முடியாது. அதனால்தான் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் உகரம் சேர்த்து ‘ரமேசு’ என்று கூப்பிடுகிறார்கள். அதைக் கேலி செய்பவர்களைவிட அவர்களுக்கு இலக்கணம் நன்றாகவே வருகிறது.

ரமேஷ் என்றால் பலருக்கும் ராமன் நினைவுதான். உண்மையில் அது ரமா + ஈசன். ரமா என்பது இலக்குமி. அவளுடைய தலைவன் விஷ்ணு. இந்தப் பெயரைத் தமிழாக்க நினைத்தால் புதுச்சொல் எதுவும் தேட வேண்டாம். திரு என்றால் இலக்குமி, மால் என்றால் விஷ்ணு. ‘திருமால்’ அப்படியே பொருந்தும்.

சுரேஷ் கொஞ்சம் விசித்திரமான பெயர். சுரர்களின், அதாவது தேவர்களின் தலைவன் என்று பொருள்; பெரும்பாலும் இந்திரனைக் குறிக்கும். ஆனால் ‘சுர’ என்ற சொல்லே பின்னால் பிறந்தது. ரிக்வேதத்தில் ‘அசுர’ என்பது வருணன் போன்ற தேவர்களுக்கும் வரும் மரியாதைச் சொல். பிற்காலத்தில் அதை ‘அ + சுர’ என்று பிரித்து, சுரர் அல்லாதவர் அசுரர் என்றார்கள். அப்படி வெட்டியதில் கிடைத்ததுதான் ‘சுர’. தமிழில் இதற்கு ‘வேந்தன்’ என்பேன். தொல்காப்பியத்தில் மருதநிலத் தெய்வமாக வரும் வேந்தனை உரையாசிரியர்கள் இந்திரன் என்றே கொள்கிறார்கள்.

பெயர்ப் பட்டியல்களில் விக்னேஷுக்கு ‘தடை நீக்குபவன்’ என்று போட்டிருப்பார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘தடைகளின் தலைவன்’. நீக்குவது அந்தத் தலைமையால் வந்த அதிகாரம், சரி. ஆனால் தடையை வைக்கவும் பிள்ளையாரால் முடியும். தினேஷ் பகலின் தலைவன், நம் கதிரவன். ராகேஷ் முழுநிலவு இரவின் தலைவன், அதாவது நிலா.

வெங்கடேஷில் மட்டும் முன்பாதி நமக்குப் பழைய சொந்தம். ‘வடவேங்கடம் தென்குமரி’ என்றுதான் தொல்காப்பியப் பாயிரம் தொடங்குகிறது. குலசேகர ஆழ்வார் ‘நெடியானே வேங்கடவா’ என்று பாடிவிட்டார். வேங்கடவன் தயாராகவே இருக்கிறது.

பெயரைத் தமிழாக்குவதில் இரண்டு வழி உண்டு. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனதும் வேதாசலம் மறைமலை ஆனதும் பொருளுக்குப் பொருள் மாற்றியவை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனது முழுக்கப் புதுப்பெயர். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், பெற்றோர் வைத்த பொருளாவது மிஞ்சும். ஆனால் ‘ஈசன்’ வருகிற இடமெல்லாம் ‘இறைவன்’ என்று ஒட்டி ‘பகலிறைவன்’ என்று பெயர் வைத்தால் பிள்ளை பாவம். ஈசனையே விரட்டவும் வேண்டியதில்லை. ‘ஈசன் எந்தை இணையடி நீழலே’ என்று அப்பர் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடியிருக்கிறார்.

அப்புறம், ‘ஷ்’ என்று முடிவதெல்லாம் ஈசன் அல்ல. ஆகாஷ் வானம், பிரகாஷ் ஒளி, சந்தோஷ் மகிழ்ச்சி. அவினாஷ் என்பது அ + விநாசம், அழிவில்லாதவன். திருப்பூர்ப் பக்கத்து அவிநாசியும் இதே சொல்தான். சுந்தரர் அந்த ஊர்ச் சிவனைப் ‘புக்கொளியூர் அவிநாசியே’ என்று அழைக்கிறார்.