கிட்டார் பழகுகிறீர்களா? இடது மணிக்கட்டைக் கவனியுங்கள்

பெங்களூரு அல்சூரில் பிசியோதெரபி பார்க்கிறேன். கைவலி என்று வரும் நம் தமிழ்ப் பிள்ளைகளில் கிட்டார் பழகுகிறவர்கள் கணிசம். பகலெல்லாம் ஆபீஸில் கீபோர்டு, ராத்திரி யூடியூப் பார்த்து கிட்டார். "வாத்தியார்கிட்ட போனாத்தான் வருமா மேடம்?" என்று கேட்பார்கள். வாசிப்பு தானாகவும் வரும். அமெரிக்க ராக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தானே கற்றுக்கொண்டவர்தான். ஆனால் உங்கள் மணிக்கட்டு எப்படி மடங்குகிறது என்பது வீடியோவில் இருப்பவருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் கவலை.

அண்மையில் வந்த ஒரு தம்பியிடம் கிட்டாரையும் எடுத்துவரச் சொன்னேன். ஃப்ரெட் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதை மடியில் மல்லாக்கச் சாய்த்துக்கொண்டார். இடது மணிக்கட்டு உள்பக்கமாக நன்றாக மடங்கிவிட்டது. எஃப் பார் கார்ட் (ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் பிடி) பிடிக்கச் சொன்னதும் கட்டைவிரல் நெக்கின், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தின், பின்புறத்தை இறுக்கியது, தோள் காதுவரை ஏறியது. மணிக்கட்டு மடங்கியபடியே விரலை அழுத்தினால் அதற்குள் ஓடும் மீடியன் நரம்பு நெருக்கப்படும். கிட்டாரை நிமிர்த்தி, நெக்கின் நுனியைச் சற்றுத் தூக்கி வைத்தோம். மணிக்கட்டு தானாக நேரானது. அந்தக் கிட்டாரில் இன்னொரு சிக்கல், கம்பியும் ஃப்ரெட்டைவிட்டு ரொம்ப எழும்பி நின்றது. ஸ்டீல் கம்பி கிட்டாரில் 12ஆம் ஃப்ரெட்டில் சுமார் 2 முதல் 2.5 மி.மீ. இடைவெளி போதும். கூடினால் ஒவ்வொரு கார்டுக்கும் வீணாகப் பலம் போகும். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் இறக்கித் தருவார்.

நல்ல வாத்தியார் இதையெல்லாம் முதல் வகுப்பிலேயே திருத்திவிடுவார். அதனால் தொடக்கத்தில் ஓரிரு மாதமாவது நேரில் போங்கள், பிறகு உங்கள் விருப்பம். சில்க் போர்டு டிராஃபிக்கில் அதற்கும் வழியில்லையா? ஆன்லைன் வகுப்பில் கேமராவை முகத்துக்கு வைக்காமல் இடது கைக்கு வையுங்கள். வலிக்கிறது என்றால் "பழகப் பழகச் சரியாயிடும்" என்று மட்டும் சொல்பவரிடம் தொடராதீர்கள்.

விரல்நுனி எரிச்சல் வேறு விஷயம். சில வாரங்களில் தோல் காய்த்துவிடும், பயம் வேண்டாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, ராத்திரி கையை உதறிக்கொண்டு விழிப்பது, கட்டைவிரலை அசைத்தால் மணிக்கட்டோரம் சுளீரென்று இழுப்பது, இவற்றில் எது இருந்தாலும் வாசிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை மெலியும்வரை தள்ளிப்போட்டால் உடற்பயிற்சி மட்டும் போதாது, அறுவை சிகிச்சை வரை போகலாம்.