பவளம் வெளுத்தால் லைட்டை ஏற்றாதீர்கள்

"சார், மஷ்ரூம் பவளத்தோட கலரே போயிடுச்சு. வெளிச்சம் பத்தலைன்னு லைட்டை நூறுல வெச்சுட்டேன்."

இந்த மாதம் இது நான்காவது போன். நேரில் போனேன். மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டி. உள்ளங்கை அகலத்துக்கு விரிய வேண்டிய மஷ்ரூம், காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி சுருங்கி வாய் பிளந்து கிடந்தது. கீழே, பாறை நிழலில் அதன் குட்டி ஒன்று நல்ல சிவப்பில் விரிந்திருந்தது. காட்டினேன். "அது சின்னது சார், அதான்" என்கிறார்!

"கடல்ல வெயில் எவ்வளவு அடிக்குது" என்பார்கள். வெப்பமண்டலக் கடல் மேற்பரப்பில் நண்பகல் பார் அளவு (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) 2000 வரை போகும், உண்மைதான். ஆனால் மஷ்ரூம் அங்கேயா உட்கார்ந்திருக்கிறது? அதற்கு 50 முதல் 75 பார் தாராளம். ஜோவாந்திட், லெதர் பவளங்கள் என்றால் 100 முதல் 150. 200, 300 எல்லாம் அக்ரோபோரா மாதிரி கடினப் பவளங்களின் கணக்கு. (கடினப் பவள வகை முழுவதும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. "ஒரு பீஸ் கிடைக்குமா" என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த பேச்சில்தான்: "ரூமே இருட்டா இருக்கு சார், நீல லைட்டுல என்ன பவர் இருக்கும்?" நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும். 450 நானோமீட்டர் நீலம் மங்கலாகத்தான் தெரியும். ஆனால் பவளத்துக்குள் இருக்கும் பாசி அந்த நீலத்தைத்தான் அள்ளிக் குடிக்கிறது. உங்களுக்கு மங்கல், அதற்கு உச்சி வெயில். போனில் லக்ஸ் ஆப் போட்டுக் காட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். லக்ஸ் என்பதே மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. நீல லைட்டில் அது குறைத்தே காட்டும். அளக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள் வைக்கிற பார் மீட்டர் வேண்டும். விலை அதிகம், வாங்கச் சொல்லவில்லை. வைத்திருப்பவரிடம் ஒருநாள் கேட்டு வாங்கி, பாறையின் மேல், நடு, மணல் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள்.

புதுப் பவளத்தை முதலில் மணலில் வையுங்கள். லைட் புதிது என்றால் 40 சதவீதத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் போதும். பகலில் கரண்ட் போனதை ஈடுகட்ட ராத்திரி பன்னிரண்டு வரை எரிய விடாதீர்கள். லைட் கண்ணாடியில் படியும் உப்பை வாராவாரம் துடையுங்கள். மூன்று மாதம் துடைக்காமல் விட்டு ஒரே நாளில் துடைத்தால், அதுவும் லைட்டை ஏற்றிய மாதிரிதான். ஜோவாந்திட் கல்லை நகர்த்தும்போது கையுறை கட்டாயம். அதன் விஷம் விளையாட்டில்லை.

வெளிச்சம் நிஜமாகவே குறைந்தால் ஜோவாந்திட் கழுத்தை நீட்டும், பவளம் பழுப்படிக்கும். வெளுப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறான கதை. தண்ணீரையும் சோதித்துவிட்டு லைட்டைக் குறையுங்கள்.

லெதர் அவ்வப்போது மூடிக்கொண்டு மெழுகு மாதிரி ஒரு தோலை உரிக்கும். சில நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. அந்த நாட்களிலாவது லைட் கன்ட்ரோலரிலிருந்து கையை எடுங்கள், ப்ளீஸ்.