மூன்று நிலைகள், இரண்டு அடர்த்திகள்

திடம், திரவம், வாயு ஆகிய மூன்று நிலைகளையும் விளக்கப் பள்ளிப் பாடநூல்களில் பெரும்பாலும் மூன்று கட்டங்களை வரைந்திருப்பார்கள். முதல் கட்டத்தில் சிறு உருண்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவதில் சற்று விலகிக் கிடக்கும். மூன்றாவதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். இந்தப் படத்தைப் பார்த்துப் படித்த நமக்கு, திரவம் என்பது திடத்துக்கும் வாயுவுக்கும் ஏறத்தாழ நடுவழியில் நிற்கும் நிலை என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. அளந்து பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. அடர்த்தியைப் பொறுத்தவரை திடமும் திரவமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கின்றன. வாயு மட்டுமே வெகுதொலைவில் தனித்து நிற்கிறது.

ஒரு கன மீட்டர் இடத்தில் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. மூன்று நிலைகளிலும் நமக்கு நன்கு பழக்கமான ஒரே பொருளான தண்ணீரை எடுத்துக்கொள்வோம். 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் நிறை 917 கிலோகிராம்; அதே வெப்பநிலையில் தண்ணீருக்கு ஏறத்தாழ 1000 கிலோகிராம். தண்ணீரைக் கொதிநிலை வரை சூடேற்றினாலும் அது 958 கிலோகிராமாகத்தான் குறைகிறது. ஆனால் கொதித்து ஆவியான அந்த நொடியில், வெப்பநிலை சற்றும் மாறாமலேயே, அதே கன மீட்டரில் எஞ்சுவது ஏறத்தாழ 0.6 கிலோகிராம். திடத்துக்கும் திரவத்துக்கும் இடையிலான வேறுபாடு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. திரவத்துக்கும் ஆவிக்கும் இடையில் அது 1600 மடங்கு.

இந்த 1600 மடங்கை மூலக்கூறுகளின் அளவில் பார்ப்பது பயனுள்ளது. திரவத் தண்ணீரில் ஒரு மூலக்கூறுக்குக் கிடைக்கும் இடத்தை ஒரு கனசதுரமாகக் கற்பனை செய்தால், அதன் பக்கம் ஏறத்தாழ 0.31 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறின் அளவும் கிட்டத்தட்ட அதுதான். அதாவது, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கும் அளவுக்கே அவற்றுக்கு இடம் இருக்கிறது. நீராவியில் அதே கனசதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 3.7 நானோமீட்டராக விரிகிறது. மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியது 12 மடங்குதான். ஆனால் அந்த விலகல் நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகளிலும் நிகழ்வதால் இடம் 1600 மடங்காகப் பெருகுகிறது. வாயுவின் மிகக் குறைந்த அடர்த்திக்குக் காரணம், அதன் பெரும்பகுதி வெற்றிடமாக இருப்பதே.

அப்படியானால், திடத்துக்கு நிகரான நெருக்கத்தில் இருந்தும் திரவம் எப்படி ஓடுகிறது? பந்தியில் இலை முன் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களையும், தேர்த்திருவிழாவில் தோளோடு தோள் உரசி நகரும் கூட்டத்தையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும். ஒரு சதுர மீட்டரில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. முன்னவர்கள் தத்தம் இடத்தை விட்டு நகர்வதில்லை, பின்னவர்கள் அண்டையில் இருப்பவரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். திடம் உருகும்போது முதன்மையாகக் குலைவது அடுக்கின் ஒழுங்கு. நெருக்கம் சிறிதளவே தளர்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும்போது அதன் பருமன் 6 முதல் 7 விழுக்காடு வரையே கூடுகிறது. அந்தச் சிறு வேறுபாடும் வார்ப்படத் தொழிலில் அலட்சியப்படுத்தக்கூடியது அன்று. உருகிய உலோகம் அச்சுக்குள் உறையும்போது சுருங்குவதால், அந்தக் குறையை நிரப்புவதற்கென்றே அச்சோடு இணைந்த ஒரு கூடுதல் குழியில் உருகிய உலோகத்தைத் தேக்கி வைப்பார்கள். அது இல்லாவிட்டால் வார்ப்பின் நடுவே பொள்ளல் விழும்.

உறையும்போது சுருங்குவதே பெரும்பாலான பொருள்களின் இயல்பு. தண்ணீர் அதற்கு விலக்கு என்பது எல்லோரும் அறிந்ததே. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் பிணைப்பால் சரியாக நான்கு அண்டை மூலக்கூறுகளோடு பிணைந்து, நடுவே காலியிடம் உள்ள அறுகோணக் கூடுகளாக அமைகிறது; உருகும்போது அந்தக் கூடுகள் ஓரளவு இடிந்து, காலியிடத்துக்குள் அயல் மூலக்கூறுகள் நுழைவதால் திரவம் அடர்த்தி மிக்கதாகிறது. இந்த இடிபாடு உருகிய பின்னும் 4 டிகிரி வரை தொடர்கிறது; அங்கேதான் தண்ணீரின் அடர்த்தி உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் இந்தப் பண்பு தண்ணீருக்கு மட்டுமே உரியது என்று பலரும் எழுதுவது தவறு. பிஸ்மத், சிலிக்கான், காலியம் ஆகியவையும் உறையும்போது விரிகின்றன. காலியத்தின் உருகுநிலை ஏறத்தாழ 29.8 டிகிரி என்பதால், நம் கோடையில் அது திரவமாகவே இருக்கும். குளிர்ந்து உறைகையில் விரிந்து கண்ணாடிக் குப்பியை உடைத்துவிடக்கூடும் என்பதால் அதைப் பிளாஸ்டிக் குப்பியில் வைக்கிறார்கள்.

இதுவரை ஒரே பொருளின் நிலைகளை ஒப்பிட்டோம். வெவ்வேறு பொருள்களை ஒப்பிடும்போது துகள்களின் நெருக்கத்தோடு ஒவ்வொரு துகளின் நிறையும் கணக்கில் சேர்கிறது. திரவமான பாதரசத்தின் அடர்த்தி, கன மீட்டருக்குக் கிலோகிராம் கணக்கில், ஏறத்தாழ 13,500. திடமான இரும்பின் அடர்த்தி ஏறத்தாழ 7,870. அதனால் இரும்புக் குண்டு பாதரசத்தில் மிதக்கிறது. நிறையின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட, தங்கத்தையும் அலுமினியத்தையும்விட நல்ல இணை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இரண்டிலும் அணுக்கள் ஒரே வகைக் கனசதுர அடுக்கில் அமைந்துள்ளன. அந்த அடுக்கின் அலகுப் பக்கம் அலுமினியத்தில் 0.405 நானோமீட்டர், தங்கத்தில் 0.408 நானோமீட்டர். அணுக்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் அணு நிறை அலகில் அலுமினிய அணுவின் நிறை 27, தங்க அணுவின் நிறை 197. அந்த ஏழு மடங்கு அப்படியே அடர்த்தியில் தெரிகிறது: அலுமினியம் 2,700, தங்கம் 19,300.

இதற்கு நேரெதிர் முனையில் திரவ ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் மூலக்கூறுகளும் நெருங்கியே கிடக்கின்றன என்றாலும், ஒவ்வொன்றும் மிக இலேசானது என்பதால் அடர்த்தி ஏறத்தாழ 71 மட்டுமே. இந்தியாவின் எல்விஎம்3 ஏவூர்தியின் மேல்கட்டத்தில் எரியும் திரவ ஆக்சிஜனின் நிறை ஹைட்ரஜனைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. ஆனால் ஹைட்ரஜனுக்குத்தான் ஆக்சிஜனைவிட மூன்று மடங்கு இடம் தேவைப்படுகிறது.

வாயுக்களுக்கு வரும்போது கணக்கு வியப்பூட்டும் அளவுக்கு எளிதாகிவிடுகிறது. வெப்பநிலையும் அழுத்தமும் சமமாக இருந்தால், சமமான பருமனில் எந்த வாயுவாக இருந்தாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று அவகாட்ரோ 1811இல் முன்மொழிந்தார். மூலக்கூறுகள் அவ்வளவு விலகி இருப்பதால் அவற்றின் வடிவமும் அளவும் பொருட்படுத்தத் தேவையற்றவையாகின்றன. நிறை ஒன்றே அடர்த்தியைத் தீர்மானிக்கிறது. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசாக இருப்பது இதனால்தான்: காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29, அந்த இடத்தைப் பிடிக்கும் நீராவியின் நிறை 18.

இந்த எளிமை ஒரு புதிய தனிமத்தையே காட்டிக்கொடுத்தது. ஆங்கிலேய இயற்பியலர் ராலே பிரபு வாயுக்களின் அடர்த்தியை மிகுந்த நுட்பத்துடன் அளந்து வந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜன் முதலியவற்றை நீக்கிப் பெற்ற நைட்ரஜன், அவருடைய கண்ணாடிக் கோளத்தை நிரப்பியபோது 2.310 கிராம் இருந்தது. வேதிப்பொருள்களைச் சிதைத்துப் பெற்ற நைட்ரஜன் அதே கோளத்தில் 2.299 கிராம். வேறுபாடு 11 மில்லிகிராம். வேறொருவர் இதை அளவைப் பிழை என்று ஒதுக்கியிருக்கக்கூடும். ராலேயோ 1892இல் இந்தப் புதிரை வெளிப்படையாக அச்சிட்டு, வேதியியலர்களிடம் விளக்கம் கேட்டார். அவரும் வில்லியம் ராம்சேயும் தேடியதில், காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனோடு அதைவிடக் கனமான, எதனோடும் வினைபுரியாத ஒரு வாயு கலந்திருப்பது 1894இல் தெரியவந்தது. அதுவே ஆர்கான். நாம் சுவாசிக்கும் காற்றில் அது ஏறத்தாழ ஒரு விழுக்காடு இருக்கிறது. நூறாண்டுக்கு முன்பே, 1785இல், கேவெண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சிச் செய்த சோதனையில் எதற்கும் கரையாத ஒரு சிறு குமிழி எஞ்சியதைக் குறித்து வைத்திருந்தார். அது இந்த வாயுதான். ராலேக்கும் ராம்சேக்கும் 1904இல் முறையே இயற்பியலிலும் வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே விதி நம் சமையலறையிலும் செயல்படுகிறது. எரிவாயு உருளையில் இருப்பவை முதன்மையாகப் புரோப்பேனும் பியூட்டேனும்; அவற்றின் மூலக்கூறு நிறைகள் 44, 58. காற்றின் 29ஐவிட இவை மிகக் கூடுதல் என்பதால், கசியும் வாயு தரையோடு தவழ்ந்து மூலைகளில் தேங்குகிறது. ஆகவே காற்றுப்போக்கிகள் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன், அதன் நிறை 16. அது கூரையை நோக்கி எழுகிறது. உருளைக்குள் 14.2 கிலோ எரிபொருள் திரவமாக ஏறத்தாழ 26 லிட்டர் இடத்தில் அடங்கியிருக்கிறது. முழுதும் வாயுவாக மாறினால் 6 கன மீட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும்.

திரவத்தையும் வாயுவையும் பிரிக்கும் இந்தப் பெரும் இடைவெளி நிரந்தரமானதும் அன்று. திரவத்தை அழுத்தி அடர்த்தியைக் கூட்டுவது கடினம்: ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடியில், காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடே கூடுகிறது. வாயுவோ, சாதாரண நிலைமைகளில் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் அடர்த்தியும் இரு மடங்காகிவிடும். மூடிய கலத்தில் கார்பன் டைஆக்சைடு திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும்போது, 20 டிகிரியில் திரவத்தின் அடர்த்தி ஏறத்தாழ 770, ஆவியின் அடர்த்தி ஏறத்தாழ 190. சூடேற்றினால் திரவம் விரிகிறது, ஆவி செறிகிறது; 30 டிகிரியில் அவை 590 என்றும் 345 என்றும் நெருங்குகின்றன. 31 டிகிரியைத் தொடும்போது இரண்டும் 468 என்ற ஒரே மதிப்பில் சந்திக்க, அவற்றைப் பிரித்திருந்த மேற்பரப்பு மறைகிறது. இந்த மாறுநிலை வெப்பநிலைக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கார்பன் டைஆக்சைடை திரவமாக்க முடியாது என்பதை தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869இல் விளக்கிக் காட்டினார்.

அலுவலகக் கட்டடங்களில் மாட்டியிருக்கும் கார்பன் டைஆக்சைடு தீயணைப்பான்களில் அழுத்தமானி இருப்பதில்லை. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான் என்பதால், பாதி தீர்ந்த உருளையும் நிறைந்த உருளையும் ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும். சென்னையின் மே மாத வெயிலில் உருளை 40 டிகிரியை எட்டும்போதோ, உள்ளே இருப்பதைத் திரவம் என்றும் சொல்ல முடியாது, வாயு என்றும் சொல்ல முடியாது. ஆகவே சோதனைக்கு வருபவர்கள் அதைத் தராசில் நிறுத்துகிறார்கள். உருளையின் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்தால் உள்ளே எவ்வளவு மீதமிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.