பன்றி நெய்யும் 30 டிகிரிச் சமையலறையும்

ஆப்பிள் பை, கறி பை போன்ற, மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பண்டங்களின் ஓட்டுக்கு மாவு பிசையும்போது சமையலறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று மேற்கத்தியச் சமையல் குறிப்புகள் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. எழுதியவரின் ஊரில் சமையலறை 18 அல்லது 20 டிகிரி செல்சியஸில் இருக்கும். மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ வருடத்தின் பெரும்பகுதி அது 30ஐ ஒட்டி நிற்கிறது. அடுப்பைப் பற்றவைத்தால் இன்னும் ஏறுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டில் பை சுட முயன்றவர்கள் பலருக்கும் ஓடு பிஸ்கட்டைப்போல உதிர்வதோ தோல்போல இழுபடுவதோ இந்தப் பத்து டிகிரியால்தான். அடுப்பை மாற்றினால் இது தீராது. மாவுக்குள் போகும் கொழுப்பைப் பார்க்க வேண்டும்.

மைதாவில் கிளையடின், குளூட்டனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலை உருவாகிறது. பரோட்டா போடுபவருக்கு அந்த வலை நன்றாக வளர வேண்டும். இல்லாவிட்டால் மாவை வீசி விரிக்க முடியாது. பை ஓட்டுக்கோ அது பாதிக்கு மேல் வளரக் கூடாது. அதனால் தண்ணீர் படுவதற்கு முன்பே மைதாவில் கொழுப்பைச் சேர்த்து உதிர்த்துவிடுகிறார்கள். கொழுப்பின் ஒரு பகுதி மாவுத் துகள்களில் பூசிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கிறது. மறு பகுதி பட்டாணி அளவுத் துண்டுகளாகவே தங்கி, மாவைத் தேய்க்கும்போது மெல்லிய தகடுகளாக நசுங்குகிறது. அடுப்பில் சூடேறியதும் தகடு உருகி, அது இருந்த இடத்தில் ஓர் இடைவெளி உண்டாகிறது. மாவிலுள்ள தண்ணீர் நீராவியாகி, ஏறக்குறைய 1,600 மடங்கு விரிந்து, அந்த இடைவெளியைத் தூக்கிப் பிடிக்கிறது. ஓட்டின் அடுக்குகள் உருவாவது இப்படித்தான்.

கொழுப்பு அடுப்புக்குள் போகும்வரை திடமாக இருந்தால்தான் இது நடக்கும். மேசையிலேயே உருகிவிட்டால் மைதா அதை உறிஞ்சிக்கொள்கிறது; தகடும் இல்லை, இடைவெளியும் இல்லை.

நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதையே உறையவைத்துப் பயன்படுத்தினால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற ஒரே கொழுப்பு அமிலம். மூலக்கூறுகள் பெரும்பாலும் ஒரே அளவினவாக இருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்து ஒரே நேரத்தில் உருகுகின்றன. குளிர்பதனப் பெட்டியில் கரண்டி உடையும் அளவுக்குக் கெட்டியாகிறது. 25 டிகிரியைத் தாண்டினால் தெளிந்த எண்ணெய். இடையில் கைக்கு இணங்கும் நிலை மிகக் குறுகியது. பாறையாகவும் தகடு வராது, எண்ணெயாகவும் வராது.

பன்றிக் கொழுப்பு வேறு விதம். அதில் ஒலியிக் அமிலம் 45 விழுக்காட்டை ஒட்டியும், பால்மிடிக் அமிலம் கால் பங்கும், ஸ்டியரிக் அமிலம் சுமார் 13 விழுக்காடும் இருக்கும். மூன்று மூன்றாகச் சேர்ந்து இவை அமைக்கும் டிரைகிளிசரைடுகள் பல வகை; சில உறைநிலைக்குக் கீழேயே உருகுகின்றன, சில 40 டிகிரியைத் தாண்டியும் படிகமாக நிற்கின்றன. இந்தக் கொழுப்பை உருக்கி வடித்ததே பன்றி நெய். கெட்டியாகத் தெரியும்போதும் அதில் 20 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் படிகம். மீதி முழுவதும் அந்தப் படிக வலைக்குள் அகப்பட்ட எண்ணெய். அதனால்தான் குளிரிலும் அது உடையாமல் நசுங்குகிறது, வெயிலிலும் சட்டென்று ஓடிவிடுவதில்லை. 30 டிகிரியில் அதுவும் குழைந்துபோகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெண்ணெயைவிடச் சற்று நேரம் தாக்குப் பிடிக்கும். வெண்ணெயில் ஏறக்குறைய 16 விழுக்காடு தண்ணீர் வேறு இருக்கிறது. அது உருகத் தொடங்கியதும் தண்ணீர் பிரிந்து குளூட்டனுக்குத் தீனி போடுகிறது. பன்றி நெய்யில் தண்ணீரே இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தாவரக் கொழுப்புகளில் டிரைகிளிசரைடின் நடு இடத்தைப் பெரும்பாலும் நிறைவுறாத, அதாவது எளிதில் உறையாத, அமிலமே பிடித்திருக்கும். பன்றிக் கொழுப்பில் அந்த இடத்தில் பால்மிடிக் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. (தாய்ப்பாலின் கொழுப்பிலும் இதே அமைப்புதான் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்; வேதியியலுக்கு அந்தக் கூச்சம் இல்லை.) இந்த அமைப்பால் பன்றி நெய் பருமனான படிகங்களாக உறைகிறது. பருமனான படிகம் காற்றுக் குமிழிகளைப் பிடித்துவைக்காது என்பதால் கேக்குக்கு அது உதவாது. தகடாக விரிய வேண்டிய பை ஓட்டுக்கு அதுவே பொருத்தம்.

பன்றியின் உடலில் எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. தோலுக்கு அடியில் இருப்பது மென்மையானது. சிறுநீரகங்களைச் சுற்றி வயிற்றின் உட்புறம் படிந்திருப்பது கெட்டியானது, வெண்மையானது, வாடை குறைந்தது. தோலை ஒட்டிய பகுதி உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கிறது. அந்தக் குளிரிலும் கொழுப்பு இளகிய நிலையில் இருக்க, உடல் அங்கே நிறைவுறாத அமிலங்களைக் கூடுதலாகச் சேர்க்கிறது. இதை 1901ஆம் ஆண்டிலேயே ஹென்ரிக்ஸ், ஹான்சன் என்ற டென்மார்க் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஈற்றுப் பன்றிக்குட்டிகளில் ஒன்றை 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வளர்த்தார்கள். இரண்டாவதை உறைகுளிரில் விட்டார்கள். மூன்றாவதையும் அதே குளிரில் விட்டு, ஆனால் அதற்கு ஆட்டுத்தோல் மேலங்கி ஒன்றை மாட்டிவிட்டார்கள். குளிரில் வெறும் உடம்புடன் நின்ற குட்டியின் முதுகுக் கொழுப்பே மிகவும் இளகியதாக இருந்தது. அங்கி போட்டதும் சூட்டில் வளர்ந்ததும் கெட்டியான கொழுப்பைக் கொண்டிருந்தன. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பன்றி அந்த மேலங்கிக்காரன்தான். நம் சமையலறையைப் பாழாக்கும் அதே வெப்பம் இங்கே வளரும் பன்றியின் கொழுப்பைக் கொஞ்சம் கெட்டியாக்கி ஈடுசெய்யும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

தீனியும் பேசும். ஆடும் மாடும் தின்னும் எண்ணெயை அவற்றின் அசைபோடும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நிறைவுற்றதாக மாற்றிவிடுகின்றன. எந்தத் தீனி போட்டாலும் ஆட்டுக்கொழுப்பு மெழுகாகவே நிற்பது அதனால்தான். பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை இரைப்பை. தின்ற கொழுப்பு பெரிய மாற்றமில்லாமல் உடலில் படிகிறது. கடற்கரைப் பகுதியில் மீன் கழிவு தின்று வளர்ந்த பன்றியின் கொழுப்பு இளகலாகவும் மீன் வாடையோடும் இருந்தால் வியக்க வேண்டாம். ஓட்டல் எச்சம் தின்றது பொரித்த எண்ணெயைச் சேர்த்துவைத்திருக்கும். தேங்காய்ப் புண்ணாக்கு தின்றதன் கொழுப்பு கெட்டியாக அமையும். ஆகவே கறிக்கடையில் விலையைக் கேட்பதற்கு முன் தீனி என்ன என்று கேளுங்கள். கூடவே, காயடிக்காத வளர்ந்த ஆண் பன்றியா என்றும் கேளுங்கள். ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேட்டோல் என்ற இரண்டு பொருள்கள் அதன் கொழுப்பில் தேங்கி, சூடானதும் சிறுநீர், மல வாடையைக் கிளப்பும். ஆண்ட்ரோஸ்டினோனைச் சிலரால் முகரவே முடியாது. ஆகவே வீட்டில் ஒருவர் முகம் சுளிக்க, மற்றவர் ஒன்றுமில்லையே என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

பன்றி நெய்யை டப்பாவில் வாங்க நம் ஊர்க் கடைகளில் தேடுவது வீண். ஞாயிற்றுக்கிழமை காலை பன்றிக்கறி வெட்டும் கடைகளில், முந்தின நாளே சொல்லிவைத்து, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதைத் துண்டுபோட்டுக் கறியோடு கலந்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாள்களில் கூட்டம் இருக்கும். தனியாகப் பிரித்துக் கேட்டால் கடைக்காரர் பொறுமையாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கொழுப்பைக் கொண்டுவந்ததும் ரத்தம், தசை ஒட்டியிருக்கும் இடங்களை நறுக்கி நீக்குங்கள். அந்தப் புரதம்தான் பின்னால் கருகி நெய்க்குக் கறி மணத்தைத் தருகிறது. பிறகு பிரீசரில் அரை மணி நேரம் வைத்தால் வழுக்காமல் சிறு துண்டுகளாக வெட்ட வரும். கொழுப்பு என்பது நெய் நிரம்பிய உயிரணுக்களைக் கொலாஜன் இழைகள் கட்டிவைத்த திசு. துண்டு சிறியதாக இருந்தால் சூடு சீராகப் பரவி அணுக்கள் சீக்கிரம் உடையும்.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. வெண்கல உருளியும் பித்தளைப் பாத்திரமும் பார்க்க அழகு. ஆனால் அவற்றிலுள்ள செம்பு கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தி, நெய் சீக்கிரம் காறிப்போக வழிசெய்யும். பாத்திரத்தில் ஒரு கிலோ கொழுப்புக்கு அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி, தீயை மிகக் குறைத்து வையுங்கள். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் வெப்பம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது; அடி பிடிப்பதற்கு முன்பே போதிய நெய் உருகிவிடும். முதலில் கலங்கலாக, குமிழி விட்டுச் சடசடக்கும். நெய் தெளிந்து சத்தம் அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். அந்தக் கணத்திலிருந்து வெப்பம் மளமளவென்று ஏறும். துண்டுகள் பொன்னிறமாகும்வரை காத்திருந்தால் நெய்யும் மஞ்சளாகி மணக்கும். குழம்புக்குத் தாளிக்க அது சிறப்பு, ஆப்பிள் பைக்கு ஆகாது. துண்டுகள் வெளிறிய நிலையிலேயே முதல் நெய்யை மெல்லிய துணியில் வடித்து எடுத்துவிட்டு, மீதியை மறுபடி அடுப்பிலேற்றி இரண்டாம் நெய்யைத் தனியாக எடுக்கலாம். கடைசியில் மிஞ்சும் முறுகலில் உப்பும் மிளகும் தூவினால் அடுப்படியிலேயே தீர்ந்துவிடும்.

வடித்த நெய்யை அலமாரியில் ஆறவிடாதீர்கள். 30 டிகிரியில் மெதுவாக ஆறும்போது உயர்ந்த உருகுநிலை உள்ள மூலக்கூறுகள் மட்டும் முதலில் படிகமாகி மணல்போலத் திரள்கின்றன. மற்றவை எண்ணெயாக மேலே நிற்கும். பனிக்கட்டித் தண்ணீரில் பாத்திரத்தை வைத்துக் கிளறிக்கொண்டே குளிரவைத்தால் படிகங்கள் பொடியாகவும் சீராகவும் அமைந்து, நெய் வழுவழுவென்று வெண்மையாக உறையும். பிறகு காற்றுப் புகாத புட்டியில் குளிர்பதனப் பெட்டிக்குள். தாவர எண்ணெய்களில் இயற்கையாக உள்ள, காறலைத் தடுக்கும் வைட்டமின் ஈ பன்றி நெய்யில் மிகக் குறைவு. அதனால் வெளியே வைத்தால் எதிர்பார்ப்பதைவிட வேகமாகக் காறல் வாடை வரும்.

சென்ற நூற்றாண்டில் இந்த நெய்யை மேற்கத்திய வீடுகளிலிருந்து விரட்டியது ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய். ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1911இல் அமெரிக்காவில் அது கிரிஸ்கோ என்ற பெயரில் வந்தது. 1937இல் இந்தியாவில் டால்டா. பாதி ஹைட்ரஜன் ஏற்றும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பின் கேடு பிற்பாடுதான் தெரிந்தது. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பன்றி நெய்யை மருந்தாக்கவும் வேண்டாம்: அதன் கொழுப்பில் 40 விழுக்காடு நிறைவுற்றது. ஆனால் தேங்காய் எண்ணெயில் அது 90 விழுக்காட்டை ஒட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சுட்ட பையில் பன்றி நெய் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் எளிதில் தெரியாது. தட்டில் வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் உள்ள மாவட்டம் இது. தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் அந்தத் தட்டு வாங்கும் வீடு இஸ்லாமியர் வீடாக இருக்கலாம். அனுப்புவதானால் கெட்டியாக உறைந்த பசு நெய்யில் தனியாகச் சுட்டு அனுப்புங்கள். அடுக்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மாவுக்கு எடை அளவில் மைதா இரண்டு பங்கு, பன்றி நெய் ஒரு பங்கு. வெண்ணெய் சொல்லும் குறிப்பில் 100 கிராமுக்கு 80 கிராம் பன்றி நெய் போதும். மைதாவையும் பிரீசரில் வையுங்கள், நெய்யை உறையவைத்துத் துருவுங்கள், பனித் தண்ணீரைத் தெளியுங்கள், விடியற்காலையில் வேலையை முடியுங்கள். இத்தனையும் செய்தால் அடுக்கு வரும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு இங்கிலாந்திலேயே ஒரு பழைய வழி இருக்கிறது. மெல்டன் மௌப்ரே ஊரின் பன்றிக்கறிப் பை 2009இல் புவிசார் பாதுகாப்பு பெற்ற பண்டம். அந்த வகைப் பையின் ஓட்டுக்கு நெய்யையும் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, அப்படியே மைதாவில் ஊற்றிக் கிளறுகிறார்கள். இடியாப்பத்துக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றும்போது நடப்பதே இங்கும் நடக்கிறது: ஸ்டார்ச் வெந்து கூழாகி மாவைப் பிணைக்கிறது. கூடவே உருகிய நெய் புரதத்தைச் சுற்றிக்கொள்வதால் குளூட்டன் அதிகம் வளர்வதில்லை. அடுக்கு வராது, பதிலாகக் கையால் கிண்ணம் வடிக்கலாம், நிறைய கறி வைத்தாலும் சரியாத உறுதி கிடைக்கும். சமையலறை எத்தனை டிகிரி என்பது இந்த மாவுக்குப் பொருட்டே இல்லை. மாவு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே வடித்து, தேங்காய் வறுத்து அரைத்த பன்றிக்கறியை மசாலா வற்றவிட்டு ஆறவைத்து நிரப்பி, நீராவி வெளியேற மேலே ஒரு துளையிட்டு, முதலில் 200 டிகிரியிலும் பிறகு 170இலும் சுட வேண்டும். வெந்ததும் வெட்டினால் ஓடு துவண்டு நெய் வழியும். நெய் மறுபடி படிகமானால்தான் ஓடு இறுகும். நம் ஊர் வெப்பத்தில் மேசையில் வைத்தால் அது நடக்காது. ஆறிய பையைக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் வெட்டுங்கள்.