கோட்டை வாசலில் தொடங்கும் பேச்சு

அண்ணாவின் மகள் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்காகக் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதி, சொல்லுக்குச் சொல் பாடமாக்கியிருந்தாள். மேடையில் மூன்றாம் பந்தியில் ஒரு சொல் வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. "எல்லாம் தெரியும் சித்தப்பா, அந்த ஒரு சொல்தான் வரேல்லை" என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

அவள் சொன்னது உண்மை. அப்படிப் பாடமாக்கும்போது ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறது. நடுவில் ஒரு கை விட்டால் பின்னால் வருபவை வழி தெரியாமல் நின்றுவிடும். அதற்கு மேல் மேடைப் பதற்றம். அப்போது சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன், மூளையில் ஏற்கெனவே பதிந்திருப்பதை மீட்டெடுப்பதைக் கடினமாக்குகிறது.

அடுத்த போட்டிக்கு முதலில் எழுத்தையே மாற்றினோம். வாசிப்பவர் ஒரு வரியைத் தவறவிட்டால் திரும்பப் போய் வாசிக்கலாம், கேட்பவரால் முடியாது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடியவை ஏறத்தாழ நான்கு தகவல் துண்டுகள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். தமிழில் இது இன்னும் சிக்கல். எங்கள் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதுவரை முன்னால் வந்த எல்லாவற்றையும் கேட்பவர் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். அவள் முதலில் எழுதியது இது: "திருகோணமலைக் கடலுக்கு வருகின்ற, உலகிலேயே மிகப்பெரிய உயிரினமான நீலத் திமிங்கிலங்களைப் பாதுகாக்க வேண்டிய கடமையை நாம் உணராதிருப்பது வேதனைக்குரியது." மாற்றிய பிறகு: "எங்கள் கடலுக்கு நீலத் திமிங்கிலம் வருகிறது. உலகிலேயே பெரிய உயிர் அதுதான். உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?"

சரி, இதை எப்படி நினைவில் வைப்பது? கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு அவளைத் திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கோட்டை வாசலில் ஒரு திமிங்கிலம் வழியை முழுக்க அடைத்துக் கிடப்பதாக நினைக்கச் சொன்னேன், அது தொடக்கம். மான்கள் நிற்கும் மரநிழலில் இரண்டாவது கருத்து. ஏற்றத்தில் இருக்கும் கடைகளருகே மூன்றாவது. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவருகே நின்று கீழே கடலைப் பார்க்கும் இடத்தில் முடிவு.

பழைய கிரேக்கரும் ரோமரும் பேச்சுகளை நினைவில் வைத்த வழி இது. மூளையில் ஹிப்போகம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். நாம் ஓர் இடத்துக்கு வந்ததும் அந்த இடத்துக்கென்றே துடிக்கும் கலங்கள் அங்கே உண்டு. 1971இல் எலிகளில் இதைக் காட்டிய ஜான் ஓகீஃபுக்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. புதிய நினைவுகள் உருவாகவும் இதே பகுதிதான் வேண்டும். அதனால் பழகிய பாதையில் ஒரு கருத்தை வைத்தால், பாதையே அதை எடுத்துத் தருகிறது. 2017இல் மார்ட்டின் டிரெஸ்லரின் ஆய்வுக் குழு சாதாரண ஆட்களுக்கு இந்த முறையை ஆறு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் பழக்கியது. 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முன்பைவிடச் சராசரியாக 35 சொற்களைக் கூடுதலாக அவர்களால் சொல்ல முடிந்தது.

இன்னொன்றும் செய்தோம். மறந்தாலும் கொப்பியைப் பார்க்கவில்லை. அவளே தேடிச் சொல்லவேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி மனதிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் ஒரு வாரம் கழித்தும் நிலைக்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டினார்கள்.

மூன்று நாள் ஏறி இறங்கினோம். மூன்று நாளும் கடைகளருகே தடுமாறினாள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது: மூன்றாவது கருத்துக்கும் இரண்டாவதுக்கும் தொடர்பே இல்லை, யாரோ சொன்னதற்காக இடையில் சேர்த்தது. கச்சான் வாங்கிக் கொறித்தபடியே அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம். வலைகளில் சிக்கும் திமிங்கிலங்களைப் பற்றி அவளாகவே மூன்று வரி சொன்னாள். அடுத்த முறை ஏறியபோது கடைகளைத் தாண்டியதை அவள் கவனிக்கக்கூட இல்லை.